கடல் காற்று

பகல் பனிமூட்டம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பாயில் சாம்பசிவம் மூச்சுக்குத் தவிக்கிறார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய லோரியை இன்னும் காணோம். "சும்மா நிக்காதக்கா, மாமாவுக்கு விசிறிவிடு லா!" வாசலிலிருந்து கத்துகிறாள் பக்கத்து வீட்டு ருக்குமணி. மனைவி பவளத்தின் கை சாமி மாடத்தைத் துழாவுகிறது. கடல் காற்றில் மின்சாரம் எடுப்பதைப் பற்றி மகன் சீமையில் எழுதி அச்சான புத்தகம் அங்கேதான், சந்தனப் பொட்டோடு இருக்கிறது. அதில் ஓர் எழுத்துகூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதை உருவியெடுத்துக் கணவர் முகத்துக்கு நேரே விசிறிபோல் வீசுகிறாள். "நம்ம புள்ள காத்துங்க... இழுங்க, நல்லா இழுங்க!" தாள்கள் படபடக்கின்றன. சாம்பசிவத்தின் நரைமுடி மட்டும் அசைகிறது.