திறந்திருக்கும் என்று எழுதிய ஜன்னல்கள்

“குரங்கு வந்தா ஜன்னல மூடிடுவோமே ஆன்ட்டி, அப்ப காத்து எப்படி வரும்?” என்று விடுதிச் சிறுமி சானியா ஒருநாள் கேட்டாள்.

கேட்டது இன்ஜினியர் எழிலரசியிடம். ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்கும், இயற்கைக் காற்றே போதும் என்று கம்ப்யூட்டரில் கணக்குக் காட்டித்தான் அந்த விடுதிக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். பிள்ளைகளோ மூடிய அறையில் வெந்தார்கள். கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

கோடை விடுமுறை முடிந்து எழிலரசி விடுதிக்குப் போனபோது வார்டன் வஜீதா மிரண்டிருந்தாள்.

“பேய்தான் மேடம். பூட்டிட்டுப் போன விடுதி. வந்து பார்த்தா எல்லா ஜன்னலும் தொறந்து கெடக்குது, புதுக் கம்பிவலையோட. யாரு மாட்டினாங்கன்னே தெரியல.”

“யாரா இருந்தா என்னங்க? பிள்ளைங்க காத்தாட தூங்கட்டும், விடுங்க.”

வஜீதா திரும்பியதும், கம்பி கிழித்திருந்த விரல்களால் எழிலரசி கைப்பையிலிருந்த மாற்றுச் சாவியை இன்னும் அடியில் தள்ளினாள்.