தூங்க வைத்த அடுப்பு

வெளிக்கதவைத் திறந்ததுமே வெதுவெதுப்பு அவள் முகத்தில் வந்து ஒட்டுகிறது. பட்டப்பகலிலும் பனி விலகாத நாள். விறகும் நிலக்கரியும் எரிகிற இரும்பு அடுப்பின் கண்ணாடி மைபோல் கறுத்திருக்கிறது. உள்ளே ஒரு பொட்டுச் சிவப்பு மட்டும். கரியை வாய்வரை திணித்து, நாளெல்லாம் கனியட்டும் என்று காற்றுத் துளையை இறுக மூடிவிடுவான் கணவன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு அவன் வைத்திருக்கும் செல்லப்பெயர், "அடுப்பத் தூங்க வைக்கிறது." இப்போது நாற்காலியில் அவன் வாய் திறந்து கிடக்கிறான். காலடியில் மகள், கையில் பாதி கடித்த ஆப்பிள். புகை இல்லை, வாடை இல்லை. "என்னங்க..." அவன் அசையவில்லை. மகளைப் பிடித்து உலுக்குகிறாள். "தூங்க விடும்மா," என்கிறது குழந்தை, கண் திறக்காமல், யாருடைய குரலிலோ. அவளுக்கும் தலை கிறுகிறுக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்தால் தேவலை போலிருக்கிறது. டிக், டிக். ஒரு வாரமாக நின்றுகிடந்த சுவர்க்கடிகாரம் ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில், நச்சுக்காற்று வந்தால் அலற வேண்டிய கருவி பேட்டரி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. மகளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். அவனை இழுக்கத் திரும்பி வரவேண்டும். முதுகுக்குப் பின்னால் டிக், டிக். வீட்டுக்குள் அது ஒன்றுதான் விழித்திருக்கிறது.