இரண்டாம் எண் உலோகம்

செயற்கை மூட்டுக்காக மூத்த மாப்பிள்ளை ஓர் உலோகம் செய்திருந்தார். அதே ஆய்வகத்திலிருந்த அவருடைய சகலை, சின்ன மாப்பிள்ளை, இன்னொன்று செய்திருந்தார். உடம்பு எதை ஏற்கும் என்று பார்த்து, எது யாருடையது எனத் தெரியாமலே எல்லாரும் மார்க் போட வேண்டும். ஒரு பூஜ்யம் விழுந்தாலும் அந்த உலோகத்தையே கழித்துவிடுவார்கள்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டாம் எண்ணைப் பார்த்ததும் மூத்தவருக்கு வயிறு எரிந்தது. அம்மாவை விடாத குழந்தை மாதிரி எலும்புச் செல்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. ‘சின்ன மாப்பிள்ளைக்குக் கைராசி’ என்று மாமனார் சொல்லிச் சொல்லிப் பூரிப்பது நினைவுக்கு வந்தது. இந்த நேர்த்தி வேறு யாருக்கு வரும்?

பூஜ்யம் போட்டார்.

மாலையில் சின்னவர் முகம் வாடி வந்தார். “அண்ணே, ரெண்டாம் நம்பரைக் கழிச்சுட்டாங்க. நான் நூத்துக்கு நூறு போட்டிருந்தேன்.”

மூத்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதுகைத் தட்டினார். “மனசைத் தேத்திக்குங்க தம்பி.”

“எனக்கு எதுக்குண்ணே ஆறுதல்? பேரைப் பிரிச்சுப் பார்த்தாச்சு, கழிச்சது உங்களோடதைத்தான்!”