இருபத்து நான்காவது கதவு

“இருபத்து மூணு கதவு முடிஞ்சாச்சு. உங்க கதவு ஒண்ணுதாம்மா பாக்கி” என்று சொல்லிக்கொண்டே பூட்டுக்காரர் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்.

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தக் குடியிருப்பில் சாவி கிடையாது. வெளியே நின்று பூட்டுக்கு நேராகப் போனைக் காட்டினால் கதவு திறக்கும். உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி. யார் யார் போனுக்குத் திறக்க வேண்டும் என்று வீட்டுக்கு ஒரு பட்டியல் உண்டு. வேண்டாதவரை எடுத்துவிடலாம்.

எடுத்துவிட்ட போனுக்கும் பூட்டு திறக்கிறது என்பதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டையை அடைத்துப் பூட்டுக்குப் புது வெர்ஷன் வந்திருந்தது.

அம்மாளுக்கு அது ஏழு மாதமாகத் தெரியும்.

மகளைப் பட்டியலிலிருந்து எடுத்தவர் அம்மாளின் கணவர், பெரியவர். சண்டை எதற்கு என்று இப்போது கேட்டால் அப்பனுக்கும் மகளுக்கும் சரியாக நினைவிருக்குமா, சந்தேகம். சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் பார்க்கப் போனை எடுத்து அவள் பெயரை அழித்தது மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

அம்மாளுக்குக் கை நடுக்கம். கைப்பிடியைத் திருக அவளால் ஆகாது. ஒரு வியாழக்கிழமை, அப்பா நடக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, மூடிய கதவுக்கு வெளியே நின்றாவது நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் மகள் வந்தாள். பழக்கதோஷத்தில் போனைக் காட்டினாள். கதவு திறந்துகொண்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பாவம், திருடிகள் மாதிரி.

அன்றிலிருந்து அவளுக்கு விடுமுறையான வியாழக்கிழமைதோறும் வருகிறாள். பத்தரைக்கு அவர் கிளம்புவார். பத்தே முக்காலுக்கு இவள் வருவாள். ஒரு நாள் பன்னிரண்டுக்குப் போவாள், ஒரு நாள் ஒன்றாகிவிடும். அவள் போன பத்தாவது நிமிடம் அவர் வருவார். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டதில்லை. அம்மாள் அதைக் கடவுள் செயல் என்றே வைத்திருந்தாள்.

இன்றும் வியாழக்கிழமை. மணி பத்தேகால்.

“புதுசா வந்ததை உடனே போடக் கூடாதுப்பா. கொஞ்சம் ஆறட்டுமே” என்றாள் அம்மாள்.

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். எந்தப் புதுசு வந்தாலும் அன்றைக்கே போட்டாக வேண்டும் அவருக்கு. அப்படிப் போட்டுத்தான் ஒரு முறை டிவி மூன்று நாள் ஊமையாகக் கிடந்தது.

பெரியவர் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். “அவ சொல்றதும் சரிதான்.”

முப்பத்தெட்டு வருஷத்தில் அம்மாள் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

“மூணாவது மாடியில என்னாச்சு? இதைப் போட்டுட்டு, மனுஷன் இடுப்புத் துண்டோட ஒரு மணி நேரம் வெளியவே நின்னாரே.”

“அது வந்த அன்னிக்கு, ஐயா. அதையும் சரி பண்ணி அனுப்பிட்டாங்க. நானும் பத்து நாள் பொறுத்துப் பாத்துட்டுத்தான் கை வெச்சேன். பழைய ஓட்டை இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. வேலையை விட்டு நிறுத்தின டிரைவர் ஒருத்தன் பக்கத்து பில்டிங்ல நேரா ஹாலுக்கே போயிட்டான். இனிமே தள்ளிப்போட்டா ஆபத்து.”

பேசிக்கொண்டே கதவின் பதிவுகளைத் திறந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“ஐயா, உங்க வீட்டுக்குள்ளயும் யாரோ வந்துட்டுப் போறாங்க. எடுத்துவிட்ட போன்தான். வியாழக்கிழமை... இதுவும் வியாழக்கிழமை... எல்லாமே பத்தே முக்கால்!”

அம்மாள் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பெரியவர் ஷூ நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“திருடன்னா வீட்ல ஏதாவது குறையணும் தம்பி. இங்க வியாழக்கிழமையானா மாத்திரை டப்பா ரொம்பியிருக்கு. இவளுக்கு நகம் வெட்டியிருக்கு. நான் வெட்டி விடறேன்னா கையைக் குடுக்க மாட்டா.”

அம்மாள் மெல்ல விரல்களை எடுத்துப் பார்த்தாள்.

“கதவு திறந்தா என் போன்ல மணி அடிக்கும். வந்தா ஒரு தடவை, போனா ஒரு தடவை. ரெண்டாவது மணி வரைக்கும் கீழ பின்பக்கத்து பெஞ்சுல உக்காந்திருப்பேன்.”

மழை பெய்த வியாழக்கிழமைகள் அம்மாளுக்கு நினைவு வந்தன. தொப்பலாக வந்து நின்றவரை, ஒதுங்க ஒரு இடம் கிடைக்கவில்லையா என்று அவள் திட்டியிருக்கிறாள்.

“அப்ப... போடவா வேண்டாமா, ஐயா?”

“போடு. வீட்டை ஊருக்கெல்லாம் திறந்துபோட்டு வைக்க முடியுமா? அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் சொல்றேன், சேத்துக்கோ.”

எதையும் பார்க்காமல் சொன்னார்.

“என்னிக்கெல்லாம் திறக்கணும்னு கேக்குது. வியாழக்கிழமை மட்டும் போதுமா?”

“எப்பவும்” என்றார் பெரியவர்.

மணி பத்தரை ஆகிவிட்டது. வழக்கம்போல் வெளியே போய்விட்டார். அம்மாள் கூப்பிட வாயெடுப்பதற்குள் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டது.

பத்து நிமிடத்தில் பூட்டுக்காரரும் வேலையை முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் அம்மாள் கவனித்தாள். ஷூ ஸ்டாண்டின் மேல் அவருடைய போன் இருந்தது.

எப்போது திரும்பி வரலாம் என்று சொல்ல இன்றைக்கு அவரிடம் ஒன்றுமில்லை. வந்தால் கதவைத் தட்டத்தான் வேண்டும். யாராவது உள்ளேயிருந்து திறந்துவிட வேண்டும்.

அந்தக் கைப்பிடியைத் திருக அம்மாளால் ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.