பூச்சாண்டியின் பாதம்

ஒரு குகையில் கரடியம்மாவும் அவள் குட்டியும் இருந்தார்கள். ஒருநாள் குட்டியின் உள்ளங்காலில் கருவேல முள் ஏறிவிட்டது. அப்படியே விட்டால் சீழ் வைத்துவிடும். குட்டியோ காலைத் தொடவே விடாமல் உதைத்தது.

"வலிக்கவே வலிக்காதுடா தங்கம்," என்றாள் அம்மா. தொட்டதும் வலித்தது. குட்டி கத்தியது.

"கத்துனே, பூச்சாண்டியைக் கூப்பிடுவேன். பூச்சாண்டி, வா, இவனைப் பிடிச்சுட்டுப் போ."

"வந்துட்டேங்க," என்றது வாசலில் ஒரு குரல்.

அங்கே இருட்டில் உருவம் எதுவும் தெரியவில்லை. ஈரமண் வாசனை மட்டும் உள்ளே வந்தது. கரடியம்மாவுக்கு முதுகு ரோமம் குத்திட்டு நின்றது. எத்தனையோ தடவை சும்மா கூப்பிட்டிருக்கிறாள். பதில் வந்ததே இல்லை. குட்டி அலற அலறக் குரல் கிட்டே வந்தது.

"பிடிச்சுக்கட்டுங்களா?"

அவள் குட்டியை மடியில் இழுத்துக்கொண்டாள். "கண்ணு, அம்மா பொய் சொல்லிட்டேன். வலிக்கும், கொஞ்ச நேரந்தான். என் காதைப் பிடிச்சுக்கோ. தாங்கலேன்னா இழு, நிறுத்திடுறேன்."

அவள் முள்ளைத் தொட்டதும் குட்டி காதை இழுத்தது. அவள் நிறுத்தினாள். நிஜமாகவே நிறுத்துகிறாள் என்று தெரிந்ததும் குட்டி தானாகவே காலை நீட்டியது. முள் வந்துவிட்டது.

"நீங்க போகலாம்," என்றாள் அவள், வாசலைப் பார்க்காமல்.

யாரும் போகவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய பாதம் மெதுவாக நீண்டு வந்தது. அதில் விரல் வைக்க இடமில்லாமல் முள்.

"எல்லாரும் மிரட்டத்தான் என்னைக் கூப்பிடுறாங்க," என்றது குரல். "எடுத்தா எனக்கும் வலிக்குமுங்களா?"

"வலிக்கும்," என்றது குட்டி. "இந்தா, என் காதைப் பிடிச்சுக்கோ."