மூடு பட்டன்

அன்று மதியம் அலுவலகத்தில் எல்லோருடைய கணினித் திரையிலும் ஒரு பெட்டி எழும்ப வேண்டும். அதில் 'ராஜினாமாவுக்குச் சம்மதம்' என்ற ஒரே பட்டன்தான் இருக்க வேண்டும். வெளியே எங்கே சொடுக்கினாலும் பெட்டி மூடிக்கொள்ளக்கூடாது. அந்த வேலை நிரல் எழுதும் மங்கையர்க்கரசியிடம் வந்தது. சொன்னபடியே செய்தாள். பிறகு கீழே இன்னொரு பட்டனைச் சேர்த்து, அதன் நிரலில் பெட்டியின் பெயரையும் அதை மறைக்கச் சொல்லும் 'ஹைட்' என்ற சொல்லையும் எழுதி, பட்டன்மேல் 'மூடு' என்று போட்டாள்.

மேலாளர் கனகசபை பார்த்துவிட்டார்.

"இத யாரும்மா வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"எடுத்துடு. இல்லேன்னா மொத ஆளா நீதான் வெளிய போவ."

"இந்தப் பெட்டி எனக்கும்தான சார் வரும்?"

பட்டனை எடுக்காமல், அவர் முன்னாலேயே பெட்டியை எல்லோருக்கும் வெளியிட்டாள். ஹால் முழுக்கப் பெட்டிகள் எழும்பின. யாரும் அசையவில்லை. அவள் தன் திரையில் 'மூடு' என்பதை அழுத்தினாள்; பெட்டி மறைந்தது. பின்வரிசையில் ஒரு மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது; அங்கேயும் ஒரு பெட்டி மறைந்தது. கனகசபை திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொன்று.