கிராணி வீட்டு ரத்தம்

"எங்க வம்சத்து ரத்தம் பொய் சொல்லாது" என்று போதை மறுவாழ்வு இல்லத்தில் முழங்கினார், மலேசியாவின் பகாவ் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சின்னத்துரை. ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடி, மகன் பிரேமநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொக்கெயினை விட்ட உடம்பு தவிக்கும்போது ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற பதற்றச் சுரப்பு ஏறும். அது இறங்கினால்தான் மகனை வீட்டுக்கு விடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அப்பாவும் ரத்தம் கொடுத்தார்.

மகனுக்கு இறங்கியிருந்தது. அப்பாவுக்கு ஏறியிருந்தது. மறுபடி எடுத்தார்கள், அதேதான்.

"அங்கிள், நீங்க எப்ப லா விட்டீங்க?" என்றார் தாதி ரஜனி.

"நான் பீடிகூடத் தொட்டதில்லம்மா." அவர் விரல்கள் நடுங்கின.

"அப்பா, அது என் நடுக்கம்" என்றான் மகன்.

"இருக்கட்டும்டா. நீ வீட்டுக்குப் போ."

பிரேமநாதன் இப்போது வீட்டில் இருக்கிறான். இல்லத்தில் அவன் விட்டுப்போன கட்டிலில், நோயாளிகளின் பச்சைச் சீருடையோடு, கிராணி படுத்திருக்கிறார்.